அரையே அரைக்கால்

இரண்டு கிழமையாய் வண்டிக்குள் ஓர் இனிப்பு வாடை,
யாரோ பின் இருக்கையில் பாகு காய்ச்சுவதுபோல.
யோகநாயகி தன் சாப்பாட்டுப் பெட்டியை மோந்து பார்த்தாள்.
செலாம் தன் சால்வையை.
எனக்குத் தெரியும், சொல்லவில்லை:
அது கூலன்ட்.

வின்னிபெக், விடிய நாலு பத்து,
சைபருக்குக் கீழே முப்பத்தொன்று.
ரொட்டி ஆலைக்கு நாலு பேரை ஏற்றிப் போகிறேன்,
ஆளுக்குக் கிழமைக்குப் பதினைந்து டொலர்.
அந்தக் காசில் சூடும் அடக்கம்.

ஹீட்டர் ஹோஸ் இரும்புக் குழாயில் ஏறும் இடம்.
குளிரில் மட்டும் சொட்டும்;
எஞ்சின் சுட்டால்
நானா, என்று நிற்கும்.
ஒவ்வொரு விடியலும் பொனட்டைத் தூக்கி
திருகாணிக் கவ்விக்கு
இன்னும் கால் சுற்று,
இன்னும் கால் சுற்று.
ஸ்க்ரூட்ரைவர் கதவுப் பையிலேயே குடியிருந்தது.

வியாழன் அன்று முன்கண்ணாடியில் ஆவி படிந்து
மாரிவிக் தன் தொப்பியால் துடைத்துத் துடைத்து
எனக்கு ரோட்டைக் காட்டிக்கொண்டு வந்தாள்.
ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லியிருக்கலாம்.

வெள்ளி இரவு பல்விந்தரின் கராஜ்.
அவள் போன் வெளிச்சம் பிடித்தாள்.
ஹீட்டர்ப் பக்கம் இழுக்கப் பயம்,
அலுமினியக் கழுத்து, முறிந்தால் வண்டியே முடிந்தது.
நீளவாக்கில் பிளேடால் கீறி
தோடம்பழத் தோல்போல் உரித்தேன்.
மறுமுனை சும்மா கழன்று வந்தது.

சனி, பஸ்ஸில், ஒரு பையில் அந்தத் துண்டுடன்
சார்ஜன்ட் அவெனியூக் கடைக்கு.
என்ன சைஸ், என்றான் ரொடெல்.
அளவுநாடாவில் எட்டில் ஐந்து.
எட்டில் ஐந்துக்கு என் மொழியில் பெயரே இருக்கிறது,
அரையே அரைக்கால் என்றேன்.
அதை ஏதோ பிராண்ட் என்று நினைத்து
கணினியில் தட்டப் போனான்.

நீலச் சிலிக்கன் ஹோஸ் சுவரில் மினுங்கியது.
"உங்கள் வண்டியைவிடக் கனகாலம் இருக்கும்."
வண்டிக்கு வயது பதினாறு;
அதற்குப் பிறகு வாழ்ந்து அது என்ன செய்யப்போகிறது?
மென்மையாம், துளைக் கவ்வி போட்டால் வெட்டுமாம்,
உள்வழவழப்பான கவ்வி வேறு விலையாம்.
கறுப்பு ரப்பர் ஆறடி வெட்டச் சொன்னேன்.
தேவை ஐந்து. வளைவில் நெளியாமல் போக
ஓரடி கூட.

பிறகு கவ்வி.
ரொடெல் பழைய துண்டை விரலில் திருப்பினான்.
திருகாணிக் கவ்வியின் துளைகள்
ரப்பரில் பல் பல்லாய்ப் பதிந்திருந்தன.
ஒரு பல் உள்ளே வரை இறங்கியிருந்தது.
ஒழுகியது அங்கேதான்.
நான் இறுக்கிய இடத்தில்.

"குளிரில் ரப்பர் சுருங்கும்.
இது இருந்த இடத்தில் இருக்கும். இது..."
இரண்டு காதுள்ள ஸ்பிரிங் கவ்வியைக்
குறட்டால் அமத்தி விட்டான்.
"கூடவே சுருங்கும், கூடவே விரியும்."
அழகில்லாத சாமான்.
திருக ஒன்றுமில்லை, இறுக்க ஒன்றுமில்லை,
என் கைக்கு அதில் வேலையே இல்லை.
எனக்குப் பிடிக்கவில்லை.
நாலு எடுத்தேன்.
குழாய்க்கு உள்ளளவு, கவ்விக்கு வெளியளவு:
முதலில் பிழையான பெட்டியில் கைவிட்டு
திரும்ப வைத்து, மறுபடி நாலு.

பூட்டும்போது
கவ்வியை முதலில் கோர்க்க மறந்தேன். கழற்றினேன்.
குறடு வழுக்கி ஒன்று பறந்து
புல்வெட்டும் மெசினுக்குப் பின்னால் விழுந்தது.
பல்விந்தர் பஞ்சாபியில் ஒரு சொல் சொன்னாள்,
மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.
கராஜ் கதவை உயர்த்தி, கூலன்ட் ஊற்றி,
ஹீட்டரை முழுசாய்த் திருப்பி எஞ்சினை விட்டோம்.
டாஷ்போர்டுக்குப் பின்னால் காற்று
களகளவென்று நெடுநேரம் கதைத்து
ஒரு கட்டத்தில் வாயை மூடியது.

திங்கள், நாலு பத்து.
மாரிவிக்கின் தொப்பி அவள் தலையிலேயே இருந்தது.
யோகநாயகி ஒரு கையுறையைக் கழற்றினாள்.
மற்றதைப் பாலம் தாண்டித்தான் கழற்றினாள்.

ஸ்க்ரூட்ரைவரை வீட்டு லாச்சியில் வைத்துவிட்டேன்.
ஆலை வாசலில் எல்லோரும் இறங்கிய பிறகு
என் கை பழக்கத்தில் கதவுப் பைக்குள் போய்
ஒன்றும் இல்லாமல்
கொஞ்சநேரம் அங்கேயே இருந்தது.